சந்தகைக்கு ரெண்டு ஆளு வேணும்

குழு: அப்புச்சி ஊடு 🌴
சனிக்கிழமை

[7:48] நான்: 📷 படம்

[7:48] நான்: இன்னைக்கு என்ற சொந்த சமையல். தயிர் அவல். அடுப்பே பத்த வெக்கல 😎

[7:51] அம்மா: இது என்ன கண்ணு, நேத்து ராத்திரி மிச்சமா?

[7:51] நான்: மிச்சமில்லம்மா, அவல். பெருங்குடி ரூம்ல இருக்கறது ஒரு கரண்ட் அடுப்பு, ரெண்டு கிண்ணம். இதுக்கு மேல என்ன பண்றது

[7:53] அம்மா: காலைல சூடா ஏதாச்சும் வயித்துக்குள்ள போகோணும். பச்சத்தண்ணியில ஊறுனதத் தின்னுட்டு வேலைக்குப் போவியா?

[7:54] நான்: இன்னைக்கு லீவும்மா

[7:54] அம்மா: லீவுன்னா வயித்துக்கும் லீவா

[7:56] பெரியம்மா காங்கயம்: பாக்க நல்லாத்தான் இருக்குது சாமி. மேல செகப்பாக் கெடக்கறது என்னது, மொளகாயா?

[7:57] நான்: மாதுளைங்க பெரியம்மா

[7:57] பெரியம்மா காங்கயம்: தயிர்ல மாதுளையா 🙄 சரி சரி. எப்படிப் பண்ணுன?

[8:01] நான்: கெட்டி அவல் ஒரு டம்ளர். ரெண்டு தண்ணி அலசி, முங்கற அளவுக்குத் தண்ணி விட்டு கால் மணி நேரம். அதுக்குள்ள குளிச்சுட்டு வந்துட்டேன். ஒட்டப் பிழிஞ்சு தயிர், உப்பு, சின்ன வெங்காயம், பச்ச மொளகா, மல்லித்தழை. தாளிச்சா இன்னும் நல்லாருக்கும், கடுகு வாங்கல. போன வாரம் மெல்லிசு அவல வாங்கி இதே மாதிரி ஊறப்போட்டேன், கஞ்சியாப் போச்சு. மெல்லிசுக்குத் தண்ணி தெளிச்சாலே போதும்னு அப்பறந்தான் தெரிஞ்சுது.

[8:02] பெரியம்மா காங்கயம்: கஞ்சியாப் போனா வெல்லத்தப் போட்டுக் குடிச்சிருக்கலாம்ல

[8:03] நான்: அதத்தாங்க பண்ணுனேன்

[8:06] அக்கா நர்ஸ்: நைட் டூட்டி முடிச்சு பஸ்ல வர்றேன். டேய் தம்பி, வெறும் அவலுன்னா பத்து மணிக்கே பசிக்கும். வறுத்த நெலக்கடலை ஒரு கைப்பிடி போட்டுக்கோ. 30 கிராம் கடலையில ஏழெட்டு கிராம் புரதம் வந்துரும். ஒரு முட்டையில இருக்கறதுக்கு மேல.

[8:07] நான்: கடலை இருக்குது. ஆனா அது ராத்திரிக்கு

[8:07] அக்கா நர்ஸ்: ராத்திரி எதுக்கு?

[8:07] நான்: சும்மா 🙂

[8:10] அத்தை கோபி: உனக்கு அவலாச்சும் ஊறுது. எங்கூட்டுல மார்கழிக் குளுருக்கு மாவு பொங்கவே மாட்டீங்குது. நேத்துப் பொழுதோடவே கரைச்சு, சாக்குல சுத்தி வெச்சேன். காலைல தொறந்து பாத்தா வெச்ச மாதிரியே கெடக்குது.

[8:11] அம்மா: கரண்டியில கலக்குனீங்களா அண்ணி? கைய விட்டுக் கலக்கோணும்

[8:12] அத்தை கோபி: கையிலதான் கலக்குனேன். உளுந்து பழசாட்ட இருக்குது. உங்கண்ணன் வாங்கிட்டு வந்தது.

[8:14] மாமா கோபி: உளுந்து நல்ல உளுந்துதான்.

[8:14] மாமா கோபி: அவலு, மாவு, ஓட்ஸு எதுவும் வேண்டாம் மாப்ள. ராத்திரி சோத்துல தண்ணிய ஊத்தி மூடி வை. காலைல உப்பு, மோரு, நாலு சின்ன வெங்காயம். அவ்வளவுதான். அறுவது வருசமாச் சாப்படறேன்.

[8:15] அக்கா நர்ஸ்: மாமா, போன மாசம் எடுத்த சுகர் ரிப்போர்ட்ட இங்க போடட்டுங்களா?

[8:15] மாமா கோபி: பழைய சோத்த ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலயே ஆராய்ச்சி பண்றாங்க கண்ணு. பேப்பர்ல வந்துது.

[8:16] அக்கா நர்ஸ்: அது குடல் புண்ணு, குடல் வீக்கம் இருக்கறவங்களுக்குங்க மாமா. உங்களுக்கு இருக்கறது சுகரு.

[8:17] அத்தை கோபி: நல்லாச் சொல்லு. ரெண்டு வட்டல் சாப்படறாரு. கேட்டா பழசுல சத்து மட்டுந்தான் இருக்குதுங்கறாரு

[8:18] மாமா கோபி: அப்ப ராகிக் கூழுக்கு மாறிக்கறேன். அதுல சுகர் ஏறாதுல்ல.

[8:22] அக்கா நர்ஸ்: அதுவும் மாவுச்சத்துதானுங்க. கால்சியம் நெறைய இருக்குது, 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல, பாலெல்லாம் பக்கத்துலயே வர முடியாது. அதுல சந்தேகமில்ல. ஆனா நைசா அரைச்சு கூழாக் காய்ச்சுனா வெசையா செரிச்சு, சுகரும் வெசையா ஏறும். அந்தக் காலத்துல கூழக் குடிச்சுட்டு மம்பட்டியோட காட்டுக்குப் போனாங்க. நீங்க குடிச்சுட்டு கல்லாவுல உக்கார்றீங்க.

[8:23] மாமா கோபி: கல்லாவுல உக்காந்தாத்தான் ராகி வாங்க முடியும்

[8:23] நான்: 😂😂

[8:24] அக்கா நர்ஸ்: எதச் சாப்ட்டாலும் அளவு பாத்து, கூடவே பயிறு, சுண்டல், முட்டைன்னு ஒண்ணச் சேத்துக்கோங்க. அவ்வளவுதான் சொல்றேன். ஸ்டாப்பிங் வந்துருச்சு, எறங்கறேன்.

[8:29] சித்தி டீச்சர்: இப்பத்தான் எல்லாத்தையும் படிச்சேன். என்ற மகன் உப்புமான்னா மூஞ்சியத் திருப்பிக்குவான். எங்க பள்ளிக்கூடத்துல கவர்மெண்ட் காலை உணவுத் திட்டத்துல ஒரு நாளு அதே உப்புமாதான். சின்னப் பசங்க வரிசையா உக்காந்து தட்ட வழிச்சுத் திங்கறாங்க. செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல். அந்தத் திட்டம் 2022 செப்டம்பர்ல மதுரையில ஆரம்பிச்சாங்க. எங்களுக்கு வந்தது அடுத்த வருசம். அதுக்கு முன்னாடி டீயும் பன்னும் தின்னுட்டு வர்ற பசங்க ரெண்டாவது பீரியட்லயே தலையச் சாச்சுக்குவாங்க.

[8:30] அம்மா: உப்புமா நல்லா பண்றாங்களா?

[8:30] சித்தி டீச்சர்: சுமாருதான் சின்னக்கா. நான் பண்றது இதவிட நல்லாருக்கும்

[8:31] அத்தை கோபி: பக்கத்துல இன்னொருத்தன் திங்கறான்ல, அதான் எறங்குது

[8:34] மாமா கோபி: இப்பத்தான் எல்லாத்துக்கும் ரோசனை. எங்கம்மா தெனமும் அஞ்சு பேருக்கு இட்லி ஊத்திப் போட்டாங்க. எல்லாம் சுலபமாத்தான் நடந்துது.

[8:34] பெரியம்மா காங்கயம்: தெனமும் இட்லியா???

[8:36] பெரியம்மா காங்கயம்: தம்பி, இட்லிங்கறது தீவாளிக்கும் நோம்பிக்கும், இல்ல ஒறம்பரை வந்தா. மத்த நாளு கம்மஞ்சோறு, ராகிக்களி, பழசு. தீவாளிக்கு ஆட்டாங்கல்லுல ஆட்டுனது நானும் இவளும். நீ திண்ணையில உக்காந்து எத்தனை இட்லின்னு எண்ணீட்டு இருந்த.

[8:36] அம்மா: தட்டுல வந்தா எல்லாம் சுலபந்தானுங்கண்ணா

[8:37] சித்தி டீச்சர்: 😂

[8:37] மாமா கோபி: கடையில ஆளு வந்துருச்சு

[8:43] அம்மிச்சி: 🎤 வாய்ஸ் மெசேஜ் 1:47

[8:45] மாமா கோபி: இங்க சத்தத்துல ஒண்ணும் கேக்கல. அம்மா என்ன சொல்றாங்கன்னு யாராச்சும் எழுதுங்க.

[8:54] நான்: எழுதிட்டேன். அம்மிச்சி சொன்னது அப்படியே:

‘ஏஞ்சாமி, அவலு தின்னு, ஒண்ணும் ஆவாது. உங்கம்மா கெடக்கறா. எல்லாரும் சுலபம் சுலபம்னு பேசறீங்க. இடியாப்பமாட்ட இருக்கற சந்தகையும் சுலபந்தான். இட்லி அரிசிய நாலு மணி நேரம் ஊறப்போட்டு வழுவழுன்னு ஆட்டு. உளுந்து வேண்டாம், புளிக்க வெக்க வேண்டாம். உப்பப் போட்டு இட்லித் தட்டுல வேக வெச்சு, சுடச்சுட மெஷின்ல போட்டுப் பிழியோணும். ஆறிப்போச்சுன்னா ஆனையக் கட்டி இழுத்தாலும் திருகாது. அதனால ரெண்டு ஆளு வேணும். ஒருத்தர் அடுப்புகிட்ட எடுத்துப் போடோணும், ஒருத்தர் திருகோணும். உங்க அப்புச்சி அடுப்படிக்கு வந்து செஞ்ச ஒரே வேலை அதுதான். பல்லக் கடிச்சுட்டுத் திருகுவாரு, என்னமோ கெணத்துல தண்ணி எறைக்கற மாதிரி. தேங்காப்பாலு, நாட்டுச்சக்கரை போட்டு மொதத் தட்டும் அவருக்குத்தான். அவரு போனதுக்கப்பறம் மெஷினு பரணுக்குப் போயிருச்சு. இப்ப காலைல ரெண்டு தோசை ஊத்தறேன். ஒண்ணு எனக்கு, ஒண்ணு நாய்க்கு.’

அதுக்கப்பறம் ‘இத எப்படி நிறுத்தறது’னு ஒரு பதினஞ்சு செகண்டு. பின்னால மாடு கத்துது.

[8:58] பெரியம்மா காங்கயம்: எங்கிட்டக் கேட்டா நாலு தோசை சாப்ட்டேன்னு சொல்றாங்க. பத்து கிலோமீட்டர்ல இருக்கறேன், எனக்கே பொய்

[8:59] அக்கா நர்ஸ்: ஊட்டுக்கு வந்துட்டேன். ஒரு தோசை பத்தாதுங்க அம்மிச்சி. தொட்டுக்க என்ன?

[9:00] அம்மிச்சி: 🎤 வாய்ஸ் மெசேஜ் 0:04

[9:00] நான்: ‘பொடி’ங்கறாங்க

[9:01] அம்மா: நாளைக்குக் காலைல பச்சப்பயிறு கடைஞ்சு எடுத்துட்டுப் போறேன். அக்கா, நீயும் வா.

[9:02] பெரியம்மா காங்கயம்: வர்றேன். தோசை மாவு நான் கொண்டாறேன்

[9:05] நான்: பொங்கலுக்கு நான் 13ஆம் தேதி ஈரோட்டுல எறங்கறேன். பூ நோம்பியன்னைக்குக் காலைல சந்தகை. நான் திருகறேன்.

[9:06] மாமா கோபி: நீ எதுக்கு மாப்ள? எங்கப்பன் திருகுனது. நாந்தான் திருகோணும்.

[9:07] அத்தை கோபி: தோள்பட்ட வலின்னு ஒரு மாசமா சிலிண்டரக்கூடத் தூக்கறதில்ல. இவரு திருகறாராம்

[9:07] சித்தி டீச்சர்: பையனே திருகட்டும். அவல் பிழிஞ்சு கை பழகியிருக்கும் 😄

[9:08] மாமா கோபி: அப்ப நான் எடுத்துப் போடறேன்.

[9:08] அம்மா: அண்ணா அடுப்படிக்கு வர்றீங்களா!!

[9:09] அக்கா நர்ஸ்: மாமாவுக்குத் தேங்காப்பாலும் சக்கரையும் கெடையாது. பச்சப்பயிறு கொழம்பு ஊத்திச் சாப்படட்டும், அதுக்கும் நல்லாருக்கும்.

[9:09] மாமா கோபி: நோம்பியன்னைக்கு ஒரு தட்டு

[9:10] அக்கா நர்ஸ்: அரைத் தட்டு

[9:10] மாமா கோபி: முக்கா

[9:11] அத்தை கோபி: எத்தனை பேரு, எத்தனை தேங்கா, இப்பவே சொல்லுங்க. கடைசி நேரத்துல எங்கிட்ட வந்து நிக்காதீங்க.

[9:12] பெரியம்மா காங்கயம்: அரிசி நம்ம ஊட்டுல இருக்குது. தேங்கா அம்மா தோப்புல. பதினோரு பேருக்கு ரெண்டு கிலோ அரிசி ஊறப்போட்டாப் பத்தும்

[9:15] மாமா கோபி: பரண்ல எந்தப் பக்கம்னு கேளுங்க. இத்தனை வருசம் கெடந்துது, அச்செல்லாம் துருப்பிடிச்சிருக்கும். அளவு சொன்னா கடையில இருந்து புதுசு எடுத்துட்டு வர்றேன்.

[9:17] அம்மிச்சி: 🎤 வாய்ஸ் மெசேஜ் 0:06

[9:18] மாமா கோபி: என்னவாம்?

[9:18] நான்: ‘பித்தளைக்கு ஏதுடா துரு’ங்கறாங்க