'தாத்தா வீடு' குழு: ஆளுக்கு ஒரு ராக் பாட்டு

கயல்: எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்கு குட்மார்னிங் படம் வேண்டாம். ஆளுக்கு ஒரு ராக் பாட்டு அனுப்புங்கள். ஏன் பிடிக்கும் என்றும் எழுத வேண்டும்.

கதிர்: என்னுடையது கிரான்பெரீஸின் 'ஸோம்பி', 1994. அதற்கு முந்தைய வருடம் இங்கிலாந்தின் வாரிங்டன் கடைத்தெருவில் ஐ.ஆர்.ஏ. என்ற அயர்லாந்து ஆயுதக் குழு குப்பைத் தொட்டியில் வைத்த குண்டு வெடித்து இரண்டு பையன்கள் இறந்தார்கள். ஒருவனுக்கு 3 வயது, இன்னொருவனுக்கு 12. அந்தக் கோபத்தில் குழுவின் பாடகி, அயர்லாந்துக்காரியான டொலோரஸ் ஓ'ரியர்டன் எழுதியது.

கதிர்: வேலை போன சமயத்தில் யாரிடமும் கத்த முடியவில்லை. பைக்கில் போகும்போது ஹெல்மெட்டுக்குள் இந்தப் பாட்டைத்தான் கத்திக்கொண்டு போவேன்.

பெரியம்மா: எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே கண்ணு.

அத்தை: எனக்கு பிங்க் ஃபிளாய்டின் 'விஷ் யூ வேர் ஹியர்'. 'நீ இங்கே இருந்திருக்கலாமே' என்று அர்த்தம். ஹாஸ்டலில் பக்கத்து அறைப் பெண் கேசட் கொடுத்தாள். தொடக்கத்தில் கிட்டார் பழைய ரேடியோவில் வருவதுபோல மெல்லிசாகக் கேட்கும். அப்புறம் இன்னொரு கிட்டார் காதுக்குப் பக்கத்திலேயே வந்து சேர்ந்துகொள்ளும்.

பெரியம்மா: யாரை நினைத்துப் பாடியது?

அத்தை: குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர் சிட் பாரெட், அண்ணி. மனநிலை சரியில்லாமல் 1968இல் விலகிவிட்டார். 1975இல் இந்த ஆல்பம் வேலை நடக்கும்போது லண்டன் ஸ்டுடியோவில் திடீரென்று வந்து நின்றாராம். உடம்பு பெருத்து, தலையும் புருவமும் மழித்து. கூட வாசித்தவர்களுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை.

அத்தை: அப்பா என்னைப் பார்த்து "யாரும்மா நீ" என்று கேட்ட அன்று இந்தப் பாட்டைப் போட்டுக் கேட்டேன். ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், நான் அவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பெரியம்மா: முகம்தான் மறந்துபோனது. சாயங்காலமானால் மாமா "பாப்பா வந்தாச்சா" என்றுதான் கேட்பார்.

அத்தை: 🙏

சித்தப்பா: என் பாட்டு பிளாக் சபாத்தின் 'இன்டு தி வாய்ட்', 1971. கிட்டார் வாசித்த டோனி அயோமி பர்மிங்காமில் தகட்டுத் தொழிற்சாலையில் இருந்தவர். 17 வயதில், வேலையை விட்டு நிற்கும் கடைசி நாளில், வலது கை நடுவிரல், மோதிரவிரல் இரண்டிலும் நுனி போய்விட்டது. அவர் இடது கைக்காரர். கம்பியை அழுத்துவதே அந்த வலது கைதான்.

சித்தப்பா: பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு மூடி செய்தார். மேலே பழைய ஜாக்கெட்டின் தோலை ஒட்டினார். மெல்லிய கம்பி மாட்டினார். இந்தப் பாட்டு வந்த ஆல்பத்தில் சுருதியையும் 3 கட்டையிலிருந்து ஒன்றரைக்கு இறக்கினார். கம்பி தளர்ந்தது, சத்தம் கனத்தது. பின்னால் வந்த மெட்டல் குழுக்கள், அதாவது கனத்த சத்தத்தில் ராக் வாசிப்பவர்கள், எத்தனையோ பேர் இதே வழியில் போனார்கள்.

கயல்: சித்தப்பா, உங்கள் விரலும்...

சித்தப்பா: ஆமாம்மா. பவர் பிரஸ்ஸில் இடது நடுவிரல் நுனி போனது உனக்குத் தெரியும். அதற்கு முன்னால் ஆர்க்கெஸ்ட்ராவில் கிட்டார் வாசித்தேன். விரல் போனதும் பரண்மேல் ஏற்றிவிட்டேன். அயோமி கதையைப் படித்த பிறகுதான் இறக்கினேன். செருப்புத் தைப்பவரிடம் மெல்லிய தோல் வாங்கி விரலுக்கு உறை தைத்துக்கொண்டேன். வியர்த்தால் வழுக்கும், காய்ந்திருந்தால் கம்பியை நன்றாகப் பிடிக்கும். முதல் நாள் கரகரவென்றுதான் சத்தம் வந்தது. வந்ததே, அது போதும் என்று இருந்தது.

பெரியம்மா: தம்பி, பொங்கலுக்குக் கிட்டாரை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

சித்தப்பா: கட்டாயம் அண்ணி. ஆம்ப்ளிஃபயர்தான் இல்லை.

கதிர்: என் நண்பனிடம் இருக்கிறது, கேட்டு வாங்கி வைக்கிறேன்.