ரோடு உயர்ந்து கார் நிறுத்துமிடத்தில் மழைத்தண்ணீர் தேங்குகிறது: கால்வாய் வெட்டினால் போதுமா?

வாசல்படி:
தாம்பரம் பக்கம் தனி வீடு. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே ரோடு போட்டுப் போட்டு, இப்போது எங்கள் தரை பள்ளமாகிவிட்டது. கார் நிற்கும் இடம் 10க்கு 24 அடி, சிமென்ட் தளம். ஒரு மணி நேரம் பெய்தால் கணுக்கால் அளவு தண்ணீர், வடிய இரண்டு நாள். 800 சதுர அடி மொட்டை மாடித் தண்ணீரும் இங்கேதான் விழுகிறது. மண் களிமண். கேட்டுக்கு உள்ளே குறுக்கே ஜாலி போட்ட கால்வாய் வெட்டினால் சரியாகிவிடும் என்கிறார் மேஸ்திரி. ஐப்பசி மழைக்குள் முடிக்க வேண்டும்.

மட்டக்கோல்:
அந்தக் கால்வாய்த் தண்ணீர் எங்கே போகும் என்று மேஸ்திரியிடம் கேளுங்கள் சார். ரோடு மேலே இருக்கிறது. கால்வாயின் அடி உங்கள் தரைக்கும் 6 இஞ்ச் கீழே இருக்கும். போக்கிடம் இல்லாவிட்டால் அது கொசுத் தொட்டி.

முதலில் டியூப் லெவல் பாருங்கள். 40 அடி டியூபில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடியுங்கள். தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்காவிட்டால் நடுவே எங்கோ காற்றுக் குமிழி மாட்டியிருக்கிறது. விரலால் சுண்டிச் சுண்டி வெளியேற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும். ரோட்டு ஓரம், கேட் உள்பக்கம், வீட்டோரம், வீட்டுத் தரை, சம்ப் மூடி, இந்த ஐந்து மட்டமும் தேவை.

வாசல்படி:
அளந்தேன். ரோட்டு ஓரத்தைவிட கேட் உள்பக்கம் 5 இஞ்ச் கீழே, வீட்டோரம் 4 கீழே, சம்ப் மூடி 3 கீழே. வீட்டுத் தரை 14 இஞ்ச் மேலே.

மட்டக்கோல்:
அந்த 14 இஞ்ச்தான் உங்களுக்குக் கைகொடுக்கிறது. கால்வாயே வேண்டாம், தளத்தை உயர்த்துங்கள். வீட்டோரம் 10 இஞ்ச், கேட் பக்கம் 7 இஞ்ச். அப்போது வீட்டோரம் ரோட்டைவிட 6 மேலே, கேட் 2 மேலே. 24 அடியில் 4 இஞ்ச் வாட்டம், அதாவது 72க்கு 1. தண்ணீர் தானாக ஓடும், ரோட்டுத் தண்ணீரும் உள்ளே வராது. வீட்டுத் தரைக்குக் கீழே 8 இஞ்ச் மிஞ்சுகிறது. அது 6க்குக் குறையக்கூடாது. குறைந்தால் தெறிக்கிற மழை சுவரில் ஏறி ஓதம் பிடிக்கும்.

சராசரி உயரம் எட்டரை இஞ்ச். அதில் மேலே பதிக்கிற 60 மி.மீ. பேவர் கல்லும், அதன் அடியில் விரிக்கிற 30 மி.மீ. எம்-சாண்டும் (கல் உடைத்த மணல்) சேர்ந்து மூன்றரை. மீதி 5 இஞ்சுக்கு 100 கன அடி, இடித்த பிறகு அமுங்குவதையும் சேர்த்து ஒன்றேகால் யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) வெட்மிக்ஸ் சொல்லுங்கள், அதாவது ஜல்லியும் கல்தூளும் தண்ணீர் சேர்த்துக் கலந்தது. இரண்டு அடுக்காகக் கொட்டி, தண்ணீர் தெளித்து, பிளேட் காம்பாக்டரால் இடிக்க வேண்டும். வாட்டத்தை வெட்மிக்ஸிலேயே கொண்டுவர வேண்டும். எம்-சாண்டை ஒரு பக்கம் 3 இஞ்ச், ஒரு பக்கம் 1 இஞ்ச் என்று போட்டு வாட்டம் எடுப்பார்கள், விடாதீர்கள். ஆறே மாதத்தில் டயர் ஓடுகிற தடத்தில் பள்ளம் விழுந்து அங்கே தண்ணீர் நிற்கும்.

ஊற்று:
மாடித் தண்ணீரைத் தளத்தில் விழவே விடாதீர்கள். 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர். மணிக்கு 60 மி.மீ. கொட்டினால் மாடியிலிருந்து (74 ச.மீ.) நிமிடத்துக்கு 74 லிட்டர்; கார் இடத்திலிருந்து (22 ச.மீ.) 22 லிட்டர்தான். முக்கால் பங்கு மேலிருந்து வருகிறது! மாடிக் குழாய் இரண்டையும் 4 இஞ்ச் பிவிசியில் சேர்த்து, 100க்கு 1 வாட்டத்தில் மழைநீர் சேகரிப்புக் குழிக்கும், அது நிரம்பினால் வெளியே மழைநீர் வடிகாலுக்கும் போகிற மாதிரி இணையுங்கள். களிமண்ணில் குழி மட்டும் தாங்காது.

பாதாளச் சாக்கடை சேம்பரில் மட்டும் சேர்த்துவிடாதீர்கள். பெருமழையில் அந்த லைன் நிரம்பினால் உங்கள் கழிவறை வழியாகவே திரும்பி வரும்.

புதுக்குடி:
இதற்குப் பதில் ஒரு தொட்டி தோண்டி, மிதவை சுவிட்சோடு பம்ப் வைத்தால் செலவு குறையுமே?

மட்டக்கோல்:
குறையும். ஆனால் பெருமழை வருகிற அன்றைக்குத்தான் கரண்டும் போகிறது. மிதவையில் ஒரு வேப்பங்குச்சி சிக்கினாலும் பம்ப் ஓடாது. படி உயரமே இல்லாத வீட்டுக்கு வேறு வழியில்லை, அங்கே பம்ப்தான். இவருக்கு அவசியமில்லை.

வாசல்படி:
பழைய சிமென்ட் தளத்தை உடைக்க வேண்டுமா?

மட்டக்கோல்:
முழுதும் வேண்டாம். பேவர் இடுக்கில் இறங்குகிற தண்ணீர் பழைய தளத்தின் மேல் தேங்கக்கூடாது, அவ்வளவுதான். 3 அடிக்கு ஒன்றாக 2 இஞ்ச் ஓட்டை போட்டு முக்கால் இஞ்ச் ஜல்லியால் நிரப்புங்கள். கேட் பக்கம் இன்னும் நெருக்கமாக. பேவரின் ஓரம் நகராமல் சுற்றிலும் 4 இஞ்ச் கான்கிரீட் கட்டு வேண்டும். கேட்டையும் 7 இஞ்ச் தூக்க வேண்டியிருக்கும், வெல்டரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

சம்ப் வாயை மறந்துவிடாதீர்கள். புதுத் தளத்துக்கு மேல் இன்னும் 4 இஞ்ச் வருமாறு செங்கல் கட்டி, உள்ளும் புறமும் பூசி, அதன் பிறகு மூடி போடுங்கள். தளத்தோடு சமமாக விட்டால் கார் டயர் அழுக்கும் முதல் மழையும் குடிதண்ணீரில்தான் இறங்கும்.