அப்பாவின் பழைய ரிசீவரில் இசைத்தட்டு மட்டும் மந்தமாகக் கேட்கிறது

பெரம்பூர்வாசி:

1980-ல் துபாயிலிருந்து ஊருக்கு வந்தபோது அப்பா தூக்கிக்கொண்டு வந்த ஸ்டீரியோ ரிசீவர் இது. மரப்பெட்டி, சேனலுக்கு 45 வாட். ஒன்பது வருடம் பரணில் கிடந்ததைப் போன மாதம் மெக்கானிக்கிடம் கொடுத்துச் சரிசெய்தேன். தட்டைச் சுழற்ற புது டர்ன்டேபிள் ஒன்றும் வாங்கினேன். அதில் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் ஆடியோ-டெக்னிகா விஎம்95இ. ஊசி தரும் சின்ன சிக்னலைப் பெரிதாக்கும் ப்ரீஆம்ப் டர்ன்டேபிளுக்கு உள்ளேயே இருப்பதாகப் பெட்டியில் போட்டிருக்கிறது. ரிசீவரின் ஃபோனோ சாக்கெட்டில் செருகியிருக்கிறேன்.

எஃப்எம் பளிச்சென்று கேட்கிறது. ஆக்ஸில் போனைச் செருகினாலும் அப்படித்தான். இசைத்தட்டு போட்டால் மட்டும் கதவைச் சாத்திவிட்டு அடுத்த அறையில் வாசிப்பதுபோல இருக்கிறது. அப்பாவுக்கு உயிரான ஒரு நாதஸ்வரத் தட்டு. அதில் தாளம் 'ஜல்' என்று விழவேண்டிய இடத்தில் 'தொப்' என்கிறது, தவில் மட்டும் அறையையே அடைக்கிறது. ட்ரெபிளை முழுசாகத் திருகினால் இரைச்சல்தான் ஏறுகிறது. அப்பாவுக்கு 78 வயது. "இது இப்படி இருக்காதுடா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்கு மனசே கேட்கவில்லை. எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

திருச்சி ரேடியோ:

தம்பி, எஃப்எம் நன்றாக இருந்தால் ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிஃபையரையும் தொடவேண்டாம். டர்ன்டேபிளின் பின்பக்கம் ஃபோனோ / லைன் என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். லைனில் இருந்தால் உள்ளே இருக்கும் ப்ரீஆம்ப் வேலை செய்கிறது, ஃபோனோவில் இருந்தால் இல்லை. அது எதில் இருக்கிறது, பாருங்கள்.

தட்டு வெட்டும்போதே கீழ்ஸ்தாயியைக் குறைத்து மேல்ஸ்தாயியைத் தூக்கித்தான் பதிகிறார்கள். 1954 முதல் ஆர்ஐஏஏ என்ற ஒரே அளவு. போடும்போது ப்ரீஆம்ப் அதைத் தலைகீழாக்கும். உங்கள் ரிசீவரின் ஃபோனோ அந்த வேலையைச் செய்கிறது. டர்ன்டேபிளும் செய்தால் இரண்டு தடவை ஆகிவிடும்: 10 கிலோஹெர்ட்ஸில் 14 டெசிபெல்லுக்குக் கிட்டத்தட்ட கூடுதலாக வெட்டு, அடியில் 20 ஹெர்ட்ஸில் 19 டெசிபெல் கூடுதல் ஏற்றம். தவில் அறையை அடைப்பது அதனால்தான். போதாததற்கு, சில மில்லிவோல்ட் வரவேண்டிய இடத்தில் பல மடங்கு போய் விழும், ஒலி உடையும்.

ஸ்விட்சை ஃபோனோவுக்குத் தள்ளுங்கள். ரிசீவரின் முன்பக்கம் மேல்ஸ்தாயியை வெட்டும் ஹை ஃபில்டர் பட்டன் அமுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். நீளமான கேபிள் போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். கேபிள் நீள நீள அதன் மின்தேக்கம் (கெப்பாசிட்டன்ஸ்) ஏறும். இந்தக் கார்ட்ரிட்ஜ் கேட்பது 100 முதல் 200 பிகோஃபாரட், நீளமான கேபிளும் ரிசீவரும் சேர்ந்தே அதைத் தாண்டிவிடும்.

பெரம்பூர்வாசி:

அண்ணா, லைனில்தான் இருந்தது! மாற்றியதும் அந்த முழக்கம் அடங்கிவிட்டது. வால்யூமைக் கொஞ்சம் கூட்டவேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஹை ஃபில்டர் அமுங்கவில்லை, கேபிள் ஒரு மீட்டர்தான். ஆனால் தாளம் இன்னும் சுத்தமாக இல்லை. பாதிக் கதவு திறந்ததுபோல இருக்கிறது.

பாளையங்கோட்டை செல்வி:

ஊசியை டார்ச் அடித்துப் பாருங்க. தூசி உருண்டை ஒட்டியிருந்தாலே மேல்ஸ்தாயி போயிடும். பின்னாலிருந்து முன்னால் மட்டும் பிரஷ் பண்ணுங்க. அழுத்தத்தைச் சின்ன டிஜிட்டல் தராசில் அளங்க, 2 கிராம் இருக்கணும். இந்தக் கார்ட்ரிட்ஜுக்கு 1.8 முதல் 2.2 வரை தாங்கும்.

அதெல்லாம் சரியாக இருந்தால், நான் தட்டைத்தான் சந்தேகப்படுவேன். அப்பா அந்தக் காலத்தில் எதில் போட்டுக் கேட்டார்? அன்றைய சூட்கேஸ் பிளேயர்கள் பலவற்றில் கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜ், அழுத்தமும் 5 கிராமுக்கு மேல். மேல்ஸ்தாயி நெளிவுகள்தான் பள்ளத்தில் மிகச் சின்னவை, அவைதான் முதலில் தேயும். தேய்ந்ததை எந்த ரிசீவரும் திருப்பித் தராது.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. அதே தட்டில் அதிகம் ஓடாத பக்கத்தைப் போடுங்க. ஓரத்து உருப்படியோடு ஓரத்து உருப்படியை ஒப்பிடணும். விளிம்பில் ஊசிக்கடியில் நொடிக்கு 51 சென்டிமீட்டர் ஓடும் தட்டு, லேபிள் பக்கம் 21-க்கு இறங்கிடும். அங்கே ஒலி மங்குவது எல்லாத் தட்டுக்கும் உண்டு.

பெரம்பூர்வாசி:

அக்கா, நீங்கள் சொன்னதுதான். ஊசி சுத்தம், தராசில் 2 கிராம். இரண்டாம் பக்கத்தைப் போட்டதும் தாளம் 'ஜல் ஜல்' என்று வந்துவிட்டது. சமையலறையிலிருந்து அப்பா வந்து நின்றார். கேட்டால், துபாய் போவதற்கு முன்னால் ஒரு சூட்கேஸ் பிளேயரில் தினமும் காலையில் முதல் பக்கத்தை மட்டும் போடுவாராம். அது முடிவதற்குள் வேலைக்குக் கிளம்பிவிடுவாராம். எட்டு வருடம் அப்படி. அந்தப் பக்கம் தேயாமல் என்ன செய்யும்!

முதல் பக்கத்தை மீட்க வழியே இல்லையா?

பாளையங்கோட்டை செல்வி:

முழுசா மீளாது. ஆனால் விஎம்95எம்எல் ஊசி உங்கள் கார்ட்ரிட்ஜிலேயே செருகும், இழுத்து மாட்டினால் போதும். அந்த மைக்ரோலீனியர் முனை பள்ளத்தின் சுவரில் வேறு உயரத்திலும் தொடும், பழைய ஊசி தேய்க்காத இடம் கொஞ்சம் அகப்படலாம். உங்கள் நீள்வட்ட ஊசிக்கு 300 மணி நேரம் ஆயுள் என்றால் இதற்கு 1000. விலை அதிகம்தான், ஆனால் இந்தத் தட்டுக்காக நான் வாங்குவேன். மாட்டுவதற்கு முன்னால் தட்டை ஈரத்தில் கழுவிக் காயவைங்க.

பெரம்பூர்வாசி:

சொல்லிவைத்துவிட்டேன். ஊசி மாற்றினால் எடையைத் திரும்ப அளக்கவேண்டுமா?

திருச்சி ரேடியோ:

அளந்துவிடுங்கள் தம்பி, அதே 2 கிராம். முதல் பக்கத்தைப் போடும்போது அப்பாவைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.