மீன்தொட்டியில் ஜெல்லி, பூச்சாடியில் வெள்ளை மணி: எல்லாம் நத்தை முட்டையா?

கானாடுகாத்தான் முற்றம்:
வணக்கம். எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது, மகனுக்காக வாங்கியது. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து மூன்று இடங்களில் மூன்று விதமான முட்டைகள் கண்ணில் படுகின்றன.

தொட்டிக்குள் நீர்ச்செடி இலைகளின் அடியிலும் கண்ணாடியிலும் ஜெல்லி மாதிரி ஒட்டியிருக்கிறது. ஒவ்வொன்றும் விரல்நகத்தைவிடச் சிறியது, உள்ளே புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. அதே தொட்டியின் மூடிக்கு அடியில், தண்ணீர் படாத இடத்தில், வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு கொத்து. கடையில் மஞ்சள் நத்தை ஒன்றே ஒன்றுதான் வாங்கினோம், ஒற்றை நத்தை எப்படி முட்டையிடும்? மூன்றாவது, கிணற்றடியில் செம்பருத்திச் சாடியைக் கிளறியபோது வெள்ளையாக நூறு மணிகளுக்கு மேல் வந்தன. மாமியார் பல்லி முட்டை என்கிறார்கள்.

எல்லாவற்றையும் வழித்து ஊருணியில் விட்டுவிடலாம் என்கிறான் மகன். ஓர் உயிரைக் கொல்ல எனக்கும் மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

பள்ளத்தூர் மீன்தொட்டி:
ஆச்சி, ஊருணியில் மட்டும் எதையும் விட்டுவிடாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம். அந்த வெள்ளை மணிகள் என்ன அளவு? அழுத்தினால் நசுங்குகிறதா, உடைகிறதா? நர்சரியில் வாங்கிய சாடியென்றால் மண்ணில் கலந்த பெர்லைட்டாகவோ மெதுவாகக் கரையும் உர உருண்டையாகவோகூட இருக்கலாம். தயவுசெய்து வெறும் கையால் தொட வேண்டாம்.

கானாடுகாத்தான் முற்றம்:
மிளகு அளவு, லேசாக மஞ்சள் ஓடிய வெள்ளை. குச்சியால் அழுத்தினால் ஓடு உடைந்து தண்ணீராக வருகிறது. ஓரங்குல ஆழத்தில் ஒரே குவியலாகக் கிடந்தன.

பள்ளத்தூர் மீன்தொட்டி:
சரி, அப்படியென்றால் மூன்றுமே நத்தை முட்டைதான். ஆனால் மூன்றும் வேறு வேறு நத்தைகள். நிறத்தைப் பார்ப்பதற்கு முன் எங்கே இட்டிருக்கிறது என்று பாருங்கள், பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

தண்ணீருக்குள் ஜெல்லியாக ஒட்டியிருப்பவை செடியோடு வந்த சின்னக் குளத்து நத்தைகளின் முட்டைகள். நீளவாட்டில் இருந்தால் பெரும்பாலும் லிம்னியா வகை, வட்ட வில்லையாகப் படிந்திருந்தால் ராம்ஸ்ஹார்ன். இவற்றில் ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாகவே இருக்கும், துணை கிடைக்காவிட்டால் தனியாகவே கருவுறும் வகைகளும் உண்டு. நம் ஊர் வெயிலுக்கு ஒன்று முதல் இரண்டு வாரத்தில் பொரிந்துவிடும். மீனுக்கு இவற்றால் தீங்கில்லை. தொட்டியில் நத்தை பெருகினால் மீன்தீனி மிஞ்சுகிறது என்று அர்த்தம். தீனியைக் குறைத்தாலே கட்டுக்குள் வரும்.

மூடிக்கு அடியில் இருப்பது நீங்கள் வாங்கிய மஞ்சள் நத்தையுடையது. அதை மிஸ்டரி நத்தை என்று விற்பார்கள். அதில் ஆண், பெண் தனித்தனி. ஆனால் பெண் நத்தை சேர்ந்த பிறகு விந்தை மாதக்கணக்கில் உள்ளே சேமித்து வைத்திருக்கும். கடைத்தொட்டியிலேயே சேர்ந்திருந்தால் உங்கள் வீட்டில் ஒற்றையாக இருந்தும் குஞ்சு பொரிக்கும். முட்டை காற்றில் இருக்க வேண்டும், தண்ணீரில் மூழ்கினால் கரு மூச்சுமுட்டிச் செத்துவிடும். விட்டுவைத்தால் இரண்டு முதல் நான்கு வாரம். வேண்டாமென்றால் இப்போதே வழித்தெடுத்து ஃப்ரீசரில் இரண்டு நாள் வைத்து அப்புறப்படுத்துங்கள்.

பல்லி முட்டை இதைவிடப் பெரிது. ஒன்றிரண்டாகச் சுவர் இடுக்கில்தான் இருக்கும், குவியலாக மண்ணில் இருக்காது. உங்கள் சாடியில் இருப்பது ஆப்பிரிக்க ராட்சத நத்தையின் முட்டை.

தேவகோட்டைத் தோட்டம்:
அதேதான். போன வருட மழையில் என் பப்பாளிக் கன்றுகள் அத்தனையையும் மொட்டையடித்த நத்தை அது. 1847இல் பென்சன் என்ற வெள்ளைக்காரர் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தது இன்று இந்தியாவின் பல மாநிலங்களில் பயிரைத் தின்கிறது. ஒரு ஈட்டுக்கு நூறு முதல் நானூறு முட்டை வரை இடும்.

நம் வீடுகளில் இன்னொன்றையும் கவனியுங்கள் ஆச்சி. ஓடு வளர இதற்குச் சுண்ணாம்புச்சத்து வேண்டும், அதற்காகச் சுண்ணாம்புச் சுவரைச் சுரண்டித் தின்னும். காலையில் சுவரில் காய்ந்த வெள்ளிக் கோடு தெரிந்தால் இரவு வந்து போயிருக்கிறது. கோடையில் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு மாதக்கணக்கில் கல் இடுக்கில் கிடக்கும், மழை விழுந்ததும் கிளம்பிவிடும். அதனால்தான் இப்போது பார்க்கிறீர்கள்.

சாயங்காலம் நனைத்த சாக்கின் மேல் பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் இலையோ பரப்பி வையுங்கள், விடியற்காலையில் அடியில் கூடியிருக்கும். கையுறை போட்டுப் பொறுக்கிக் கெட்டி உப்புத் தண்ணீரில் போடலாம். முட்டைகளைக் கொதிநீரில் போட்டுவிடுங்கள். உப்பைச் செடி மண்ணில் கொட்டாதீர்கள், செம்பருத்தி கருகும்.

காரைக்குடி 630:
இவ்வளவு எதற்கு? மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) ஒரு சிட்டிகை தொட்டியில் போட்டால் நத்தை, முட்டை எல்லாம் காலி.

பள்ளத்தூர் மீன்தொட்டி:
அண்ணே, அந்தச் செம்பு நத்தையோடு நிற்காது. அளவு கொஞ்சம் தவறினால் மீனும் போகும், இறாலும் போகும். செத்த நத்தைகள் அழுகித் தண்ணீரும் கெடும். வீட்டில் பிள்ளை கையை உள்ளே விடும் தொட்டி, வேண்டாம்.

தேவகோட்டைத் தோட்டம்:
கையுறை என்று நான் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. ராட்சத நத்தையின் உடம்பிலும் கோழையிலும் எலி நுரையீரல் புழு இருக்கக்கூடும், மனிதருக்குள் போனால் மூளைச் சவ்வில் அழற்சி உண்டாக்கும். தம்பி தொட்டிருந்தால் சோப்புப் போட்டு நன்றாகக் கைகழுவச் சொல்லுங்கள். தோட்டத்துக் கீரையையும் இலை இலையாக அலசுங்கள்.

கோட்டையூர் கரை:
ஊருணி பற்றி நான் சொல்கிறேன். கரையின் ஈர மண்ணில் சிறு பள்ளத்தில் வெள்ளை முட்டைகள் கொத்தாகக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை நம் நாட்டு ஆப்பிள் நத்தை பைலாவினுடையவை. அவற்றுக்கும் கெட்டி ஓடு உண்டு, ராட்சத நத்தை முட்டை என்று நினைத்து அழித்துவிடக் கூடாது. வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்கு வரும் நத்தைகுத்தி நாரைக்கு முக்கிய இரையே இந்த நத்தைதான். கடை நத்தையை அங்கே விட்டால் நாட்டு நத்தையின் இடத்தை அது பிடித்துக்கொள்ளலாம், பிறகு திரும்ப எடுக்க வழியில்லை. தம்பியிடம் இதைச் சொல்லுங்கள், நிச்சயம் புரிந்துகொள்வான்.

கானாடுகாத்தான் முற்றம்:
எல்லோருக்கும் நன்றி. சாடி முட்டைகளைக் கொதிநீரில் போட்டாகிவிட்டது. நேற்றிரவு சாக்கு வைத்ததில் பெரியது நான்கு கிடைத்தன. கிணற்றடிச் சுவரில் நீங்கள் சொன்ன கோடும் இருந்தது, இத்தனை நாள் மழைக்கறை என்று நினைத்திருந்தேன். ரோஜா நிறக் கொத்து ஃப்ரீசரில் இருக்கிறது. மகன் அழவில்லை, நாரையைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டே இருந்தான். ஜெல்லியில் ஒன்றை மட்டும் தொட்டித் தண்ணீரோடு பாட்டிலில் போட்டு மேசையில் வைத்திருக்கிறான், பொரிவதைப் பார்க்க வேண்டுமாம். குஞ்சு வந்தால் என்ன கொடுப்பது?

பள்ளத்தூர் மீன்தொட்டி:
முதலில் பாட்டிலில் படியும் பாசியே போதும். அப்புறம் வேகவைத்த கீரை, நகத்தளவு. மறுநாள் மிச்சத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள். லென்ஸ் இருந்தால் கொடுங்கள், பொரிவதற்குச் சில நாள் முன்பே முட்டைக்குள் குட்டி ஓடு சுற்றுவது தெரியும்.