சட்டமும் விளையாட்டும்: அனிதா டிஃபிரான்ட்ஸ் சென்ற வழி

கேள்வி (ஆர்.கே. புரம், தில்லி)

என் மகள் இங்கே சட்டம் மூன்றாமாண்டு படிக்கிறாள். பள்ளி நாள்களிலிருந்தே ஹாக்கியும் ஆடுகிறாள். ஹாக்கி மட்டையையும் புத்தகப் பையையும் ஒரே தோளில் மாட்டிக்கொண்டு விடிவதற்குள் கிளம்புகிறவளைப் பார்த்து, "இரண்டில் ஒன்றை விட்டுவிடு" என்று உறவினர்கள் சொல்லும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை. இரண்டையும் விடாமல் பொதுப்பணியில் உயர்ந்த பெண் யாரேனும் உண்டா?

மறுமொழி 1 (மயூர் விஹார்)

உண்டு, அம்மா. அமெரிக்காவின் அனிதா டிஃபிரான்ட்ஸ். கல்லூரியில் ஒரு நாள், நீண்டு மெலிந்த ஏதோ ஒன்றை ஒருவர் சுமந்து செல்வதைக் கண்டு அது என்னவென்று கேட்டார். பந்தயப் படகு என்று தெரிந்தது, சுமந்து சென்றவர் பயிற்சியாளர் என்பதும் தெரிந்தது. அதுவரை துடுப்பையே தொட்டறியாத அவர், மகளிர் படகுப்போட்டி முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் எண்மர் படகில் வெண்கலம் வென்றார். மறு ஆண்டே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்று, பிலடெல்பியாவில் சிறார்களுக்கான சட்ட உதவி மையத்தில் பணியாற்றினார்.

மறுமொழி 2 (வழக்கறிஞர், தில்லி உயர் நீதிமன்றம்)

அவருடைய 1980ஆம் ஆண்டு வழக்கையும் உங்கள் மகள் அவசியம் படிக்க வேண்டும். மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க அதிபர் கார்ட்டர் வற்புறுத்த, அமெரிக்க ஒலிம்பிக் குழுவும் அதற்கு இணங்கியபோது, டிஃபிரான்ட்ஸ் சக வீரர்களோடு சேர்ந்து அந்தக் குழுவின் மீதே வழக்குத் தொடுத்தார். போட்டியில் பங்கேற்கும் உரிமை எதையும் அமெரிக்காவின் 1978ஆம் ஆண்டு அமெச்சூர் விளையாட்டுச் சட்டம் வீரருக்கு வழங்கவில்லை என்று கூறி நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. என் பார்வையில், தோற்ற அந்த வழக்குதான் அவருடைய பொதுவாழ்வின் அடித்தளம். வீரர்களின் குரல் நிர்வாகத்துக்குள்ளேயே ஒலிக்க வேண்டும் என்ற எண்ணத்தை அவருடைய பிற்காலப் பணி முழுவதிலும் காண்கிறேன். 1986இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவில் உறுப்பினரானார். 1997இல் அதன் முதல் பெண் துணைத் தலைவரானார். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் மிஞ்சிய தொகையிலிருந்து உருவான அறக்கட்டளையைப் பல்லாண்டுகள் தலைமையேற்று நடத்தி, சிறுவர் சிறுமியரின் விளையாட்டுக்கு அந்தப் பணம் போய்ச் சேரச் செய்தார்.

மறுமொழி 3 (முனிர்க்கா)

ஒரு சிறு மாறுபாடு. சர்வதேச ஒலிம்பிக் குழு தன் உறுப்பினர்களைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் அமைப்பு. அதில் இடம் கிடைத்ததை மட்டும் வெற்றியாகக் கொள்ள என் மனம் ஒப்பவில்லை. நம் நாட்டு நிலையையும் பாருங்கள்: 2022 டிசம்பரில் பி.டி. உஷா இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் முதல் பெண் தலைவரானதே, உச்ச நீதிமன்றம் நியமித்த ஓய்வுபெற்ற நீதிபதி நாகேஸ்வர ராவ் சங்க விதிகளைத் திருத்திய பிறகுதான். சட்டம் படித்த விளையாட்டு வீராங்கனைகளுக்கு இங்கே வேலை நிறையவே காத்திருக்கிறது.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு அந்தத் தீர்ப்பைத் தேடியெடுத்துப் படித்த மகள், "மேல்முறையீட்டில் நான் எதை வாதிட்டிருப்பேன் தெரியுமா?" என்று ஆரம்பித்தவள், பன்னிரண்டு மணி வரை என்னைத் தூங்கவிடவில்லை. காலையில் வழக்கம்போல் மட்டையோடு கிளம்பிவிட்டாள்.