பதுங்குபழுது: இன்டர்மிட்டென்ட் ஃபால்டுக்கு ஒரு சொல்

நண்பர்களே,

வண்டிப் பழுதுபார்ப்புச் சொற்களைத் தமிழில் பட்டியலிடும் நம் குழுவில், ஒரு நேரம் தலைகாட்டி மறுநேரம் காணாமல் போகிற இன்டர்மிட்டென்ட் ஃபால்ட் என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற கேள்விக்கு நான்கு நாளாக வந்த சொற்களை எழுதிவைத்துப் பார்த்தேன். இடைவிட்ட பழுது, விட்டுவிட்டு வரும் பழுது, முறைப்பழுது. மூன்றுமே இடறுவதாக எனக்குப் படுகிறது. அதை விளக்க என் வண்டிக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

முட்டத்தில் கடலுக்குப் பக்கத்தில் வீடு. வண்டிக்கு இருபத்தாறு வயது. ஆனி மழையில் தொடங்கியது தொல்லை. காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், செல்ஃப் எடுக்காது. மறுபடி திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். அப்புறம் நாலைந்து நாள் சத்தமே இருக்காது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் பேட்டரியை மாற்றினார்கள். இன்னொன்றில் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ் போட்டார்கள். அடுத்த மழைக்கு மறுபடியும் ‘டக்’.

கடைசியில் தக்கலையில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அங்கே போய்த் திருப்பினால் முதல் அடியிலேயே ஸ்டார்ட் ஆகிறது. “சரியாயிட்டு போல” என்றேன். அவர் பானட்டைக்கூடத் திறக்கவில்லை. “கம்ப்ளைன்ட் எங்கயும் போவல்ல சாரே, பதுங்கிக் கெடக்கு. வண்டி ரெண்டு நாள் இங்க நிக்கட்டு.”

மூன்றாம் நாள் காலையில் நான் போனபோது ‘டக்’ வந்தது. வயரை அசைக்கவோ முனையைத் திருகவோ யாரையும் அவர் விடவில்லை. பேட்டரியை அளந்தார்: 12.6 வோல்ட், குறையே இல்லை. அப்புறம் மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றதை இன்ஜின் உடம்பிலும் வைத்துக்கொண்டு என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாத இடத்தில் 6 வோல்ட் காட்டியது. பேட்டரி நெகட்டிவை இன்ஜின் உடம்போடு இணைக்கும் எர்த் பட்டையைக் கியர்பாக்ஸில் மாட்டியிருக்கும் போல்ட்டைக் கழற்றினோம். பட்டையின் செம்புக் காதுக்கு அடியில் பச்சைக் களிம்பு. நகத்தால் சுரண்டினால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முறுக்கி, மேலே வாசலின் தடவினார். இந்த ஐப்பசி மழையிலும் ஒருநாள்கூட மக்கர் இல்லை.

கவனியுங்கள். செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்தக் களிம்பின் தடை வெறும் 0.04 ஓம் இருந்தாலே 6 வோல்ட் அங்கே போய்விடும். அதே இணைப்பில் 5 ஆம்பியர் மட்டும் ஓடினால் இழப்பு 0.2 வோல்ட்தான், யாருக்கும் தெரியாது. அன்றைய ஈரம், சூடு, வழியில் பட்ட குலுக்கல் இவற்றைப் பொறுத்துத் தடை கொஞ்சம் ஏறும், இறங்கும். அறிகுறிதான் வந்து வந்து போகிறது. களிம்பு ஒருநாளும் போகவில்லை.

நம் சொற்கள் இடறுவது இங்கேதான். ‘இடைவிட்ட’, ‘விட்டுவிட்டு வரும்’ என்றால் பழுதே இடையில் நீங்கிவிடுகிறது என்று பொருள் வருகிறது. ஐ.டி.ஐ. மாணவன் அதைப் படித்துவிட்டு, ஸ்டார்ட் ஆன வண்டியைச் சரியாகிவிட்டது என்று அனுப்பிவிடுவான். ‘முறைப்பழுது’ முறைக்காய்ச்சலை ஒட்டி வந்த அழகான சொல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முறைக்காய்ச்சல் நாள்கணக்குத் தவறாமல் வருவது. இது எந்தக் கணக்குக்கும் கட்டுப்படாது.

அதனால் அந்த மெக்கானிக் வாயிலிருந்து வந்ததையே எடுத்துக்கொள்ளலாம் என்கிறேன்: பதுங்குபழுது. ‘பதுங்குகுழி’ என்ற சொல் ஏற்கெனவே ஊரெங்கும் புழங்குகிறது, காதுக்குப் புதிதாக இராது. வினைத்தொகை, ஆகவே நடுவில் ப் மிகாது, ‘பதுங்குப்பழுது’ என்று எழுதிவிட வேண்டாம். பதுங்கிய, பதுங்குகிற, பதுங்கும் என்று மூன்று காலமும் அதற்குள் அடங்கிக் கிடக்கின்றன. நேற்றுப் பிடிபடாமல் போனது, இன்று ஒளிந்திருப்பது, நாளை வழியில் நிறுத்தப்போவது எல்லாம் ஒரே பழுதுதான் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

திருச்சி நண்பர் தனிமடலில் கேட்டார்: “லேட்டன்ட் ஃபால்டுக்கு மறைபழுது என்று வைத்திருக்கிறோமே, இரண்டும் குழம்பாதா?” நல்ல கேள்வி. மறைபழுது இன்னும் ஒருமுறையும் தலைகாட்டாதது. பதுங்குவது என்றால் முன்பே ஒருமுறை கண்ணில் பட்டிருக்க வேண்டும். இந்த வேறுபாடு பேச்சுத்தமிழிலேயே இருக்கிறது, நாம் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

வெயிலில் வண்டி கொதித்ததும் பற்றாசு (சால்டர்) விரிசல் விலகி, நிழலில் ஆறியதும் ஒட்டிக்கொள்ளும், பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் விடும் ரிலே, இன்ஜின் சூடேறினால் மட்டும் சிக்னலை விட்டுவிடும் கிராங்க் சென்சார் (இன்ஜின் சுழல்வதை உணர்ந்து சொல்லும் கருவி), இவற்றுக்கும் சொல் அப்படியே பொருந்துகிறது. களியக்காவிளையில் நின்றுபோன வண்டி அரைமணி கழித்து ஸ்டார்ட் ஆகி மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப் வரை ஒழுங்காக ஓடிவரும். சூடு ஆறியபின் அங்கே அளந்தால் எல்லாம் சரி என்றே காட்டும்.

மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் இப்படிச் சேர்த்துவிடுகிறேன்:

பதுங்குபழுது: பொருளில் நிலையாக இருந்து, ஈரம், சூடு, அதிர்வு, சுமை கூடும்போது மட்டும் வெளிப்படும் பழுது. எடுத்துக்காட்டு: “எர்த் இணைப்பில் பதுங்குபழுது, எதையும் அசைக்காமல், சாவியைத் திருப்பும் வேளையில் அளக்கவும்.”