கர்ப்பிணிக்குப் புற்றுநோய்: நீங்கள் நேரில் கண்டது

டெக்சாஸ், புற்றுநோய் வார்டு நர்ஸ்:
2022 ஆகஸ்டில் கருக்கலைப்புத் தடை வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஈறில் ரத்தம் நிற்கவில்லை என்று ஒன்பது வாரக் கர்ப்பிணி ஒருவர் வந்தார். பிரஷர் பார்த்த பட்டை இறுக்கிய இடமெல்லாம் சிவப்புப் புள்ளிகள். அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா என்ற வேகமான ரத்தப் புற்றுநோய். மூளையில் ரத்தம் கசிந்தால் ஒரே நாளில் உயிர் போய்விடலாம். உடனே சிகிச்சை தொடங்கினால் பெரும்பாலானோர் பிழைத்துக்கொள்கிறார்கள். ஆனால் இதற்குக் கொடுக்கும் ட்ரெட்டினாயின், ஆர்சனிக் இரண்டுமே முதல் மூன்று மாதத்தில் கருவைச் சிதைக்கக்கூடியவை.

புற்றுநோய் மருந்தைச் சட்டம் தடுக்கவில்லை. கருவைக் கலைக்கலாமா என்பதில்தான் எல்லாரும் நின்றுவிட்டார்கள். தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் விதிவிலக்கு உண்டு. டாக்டர் கேட்டதற்கு, "இன்றைக்கே ஆபத்தா?" என்று மருத்துவமனையின் சட்ட ஆலோசனைப் பிரிவு திருப்பிக் கேட்டது. தவறினால் ஆயுள் தண்டனை வரை போகலாம், குறைந்தது 1,00,000 டாலர் அபராதம், லைசென்ஸும் போகும். டாக்டர் பயந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். கருக்கலைப்புக்குத் தடையில்லாத பக்கத்து மாநிலமான நியூ மெக்சிகோவுக்கு அனுப்பலாம் என்றால், ரத்தம் உறைய உதவும் தட்டணு வெறும் 18,000; வழியிலேயே ரத்தம் கசியலாம்.

அன்றிரவு அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு என்னென்ன வழி இருக்குன்னு யாராவது முழுசா சொல்லுங்க" என்றார். டாக்டரைக் கூப்பிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன். இன்றும் உறுத்துகிறது. அனுமதி வர ஒன்றரை நாள் ஆனது. அவர் பிழைத்தார்.

மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்:
எனக்குத் தெரியவந்தது 21ஆம் வாரத்தில். டாக்சோருபிசின், சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்துகளை அப்போது கொடுக்கலாம். டிராஸ்டுசுமாப் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்து மட்டும் பிரசவம் வரை கூடாது, பனிக்குட நீர் குறைந்துவிடும் என்று விளக்கினார்கள். எல்லாம் கேட்டுவிட்டு நானேதான் குழந்தையைச் சுமக்க முடிவெடுத்தேன். "பார், கலைக்காமலே முடிகிறதே" என்று என்னைக் காட்டிப் பேசுகிறவர்களைக் கண்டால் கோபம் வருகிறது. ஐந்தாம் மாதத்தில் எனக்குக் கிடைத்த வசதி ஒன்பதாம் வாரத்தில் அந்த டெக்சாஸ் பெண்ணுக்கு இல்லை.

அயர்லாந்தில் பயிற்சி எடுத்த டாக்டர்:
அங்கும் விதிவிலக்கு ஏட்டில் இருந்தது. புற்றுநோய் தணிந்திருந்த ஒரு பெண் கர்ப்பமானார். ஆபத்து எவ்வளவு என்று தெளிவான பதில் கிடைக்காமல் இங்கிலாந்துக்குப் போய்க் கலைத்தார். உரிமையைக் கேட்டுப் பெற நடைமுறையே இல்லை என்று 2010 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அயர்லாந்தைக் கண்டித்தது.

முதலில் எழுதிய நர்ஸ்:
இப்போது கர்ப்பிணி நோயாளி யார் வந்தாலும், டாக்டர் வருவதற்குள் பேனாவும் தாளும் கொடுத்து உட்காருகிறேன். முதல் வரியாக எழுதச் சொல்வது: "இந்த மாநிலத்தில் முடியாத வழிகளையும் சேர்த்துச் சொல்லுங்கள்."